அன்று காலை நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

2004-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ந் தேதி.

ஞாயிற்றுக்கிழமை. மார்கழி மாதத்துப் பனி. முதல் நாள்தான் கிறிஸ்துமஸ் பண்டிகை முடிந்திருந்தது. பள்ளிக்கூடங்களுக்கு அரையாண்டு விடுமுறை.

அன்று காலை 9 மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

அன்று விவரம் தெரிந்த வயதில் இருந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். "ஞாபகம் இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். போன வாரம் என்ன குழம்பு வைத்தோம் என்பது மறந்து போயிருக்கும். அந்தக் காலை மட்டும் மறக்காது. "பல் துலக்கிக்கொண்டிருந்தேன்" என்பார் ஒருவர். "கோவிலில் பொங்கல் வாங்க வரிசையில் நின்றேன்" என்பார் இன்னொருவர். "கறிக்கடையில் இருந்தேன்" என்பார் மற்றொருவர்.

அன்றுதான் கடல் ஊருக்குள் வந்தது.

"சுனாமி" என்ற சொல்லை நம்மில் பெரும்பாலோர் முதன்முதலில் கேட்டது அன்றுதான். அது ஜப்பானியச் சொல். "துறைமுக அலை" என்று பொருள். அப்புறம் "ஆழிப்பேரலை" என்று தமிழில் பெயர் வைத்தோம். நாம் பெயர் வைப்பதற்குள் அது வந்து போய்விட்டது.

இந்துமகா சமுத்திரத்தைச் சுற்றியுள்ள நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இலங்கையில் மாண்டவர்கள் 30 ஆயிரத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் சுமார் 8 ஆயிரம் பேர். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேல்.

அன்று காலை யார் யார் எங்கே இருந்தார்கள்? முதலில் என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

மீன்காரம்மா

எங்கள் வீடு திருவாரூரில் இருந்தது. நான் அப்போது எட்டாம் வகுப்பு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் தெருவுக்கு ஒரு மீன்காரம்மா வருவார். நாகைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமத்தைச் சேர்ந்தவர். விடியற்காலையில் கரையில் ஏலம் எடுப்பார். அன்னக்கூடையில் மீனை அள்ளிக்கொண்டு முதல் பஸ் பிடித்து வந்துவிடுவார். வாசலில் உட்கார்ந்து, அரிவாள்மனையில் மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டுத்தான் போவார்.

விடுமுறை நாட்களில் அவருடன் அவர் மகளும் வருவாள். ஆறு வயது. இரட்டைச் சடை. அம்மா மீன் ஆயும்போது, பூனை வந்துவிடாமல் குச்சியை வைத்துக்கொண்டு காவல் காப்பாள். அதற்குக் கூலியாக என் அம்மா அவளுக்கு ஒரு இட்லி கொடுப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வரவில்லை.

"எங்கே சின்னவள்?" என்று கேட்டார் அம்மா.

"பனியா இருந்துச்சும்மா. நல்லாத் தூங்குனா. எழுப்ப மனசு வரலை. விட்டுட்டு வந்துட்டேன்" என்றார் மீன்காரம்மா.

பிறகு வழக்கம் போலப் பேரம் தொடங்கியது. கிழங்கா மீன். ஒரு கூறு 40 ரூபாய் என்றார் அவர். 35 என்றார் அம்மா. கொஞ்ச நேரம் பேசி, கடைசியில் 35-க்கே வாங்கிவிட்டார். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குளிக்கவில்லை என்று அம்மா என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மீன்காரம்மா நான்கு வீடு தள்ளிப் போயிருப்பார். எதிர் வீட்டு மாமா வெளியே ஓடி வந்தார்.

"நாகப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம்! டெலிபோன் வந்தது!" என்றார்.

மீன்காரம்மா சிரித்தார்.

"கடலு எப்பவும் எங்க ஊருக்குள்ளதான் சாமி இருக்கு" என்றார்.

யாரோ டெலிவிஷனைப் போட்டார்கள். தெருவே அந்த வீட்டில் கூடிவிட்டது. ஜனங்கள் ஓடுவதைக் காட்டினார்கள். படகுகள் ரோட்டில் கிடப்பதைக் காட்டினார்கள். மீன்காரம்மா வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்னக்கூடையை எங்கள் திண்ணையில் வைத்துவிட்டு, பஸ் நிலையத்தை நோக்கி ஓடினார். மீன் விற்ற காசு முந்தானையிலிருந்து தெருவில் சிதறியது. அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கூடை ஐந்து மாதம் எங்கள் வீட்டில் இருந்தது.

இரண்டரை மணி நேரம்

அன்று காலை நடந்தது என்ன?

இந்தோனேசியாவில் சுமத்ரா என்று ஒரு பெரிய தீவு இருக்கிறது. அதன் மேற்குக் கரை ஓரமாக, கடலுக்கு அடியில், நமது நேரப்படி காலை 6 மணி 28 நிமிடத்துக்குப் பயங்கர பூகம்பம் ஏற்பட்டது. அதன் அளவு 9-க்கும் மேல். ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குப் பூமி பிளந்தது. கடலின் தரை சில மீட்டர் உயரம் துள்ளி எழுந்தது. அதற்கு மேலே இருந்த தண்ணீர் முழுவதும் ஒரே சமயத்தில் தூக்கி எறியப்பட்டது. அதுதான் சுனாமி.

சென்னையில் அப்போது பலர் தூக்கத்தில் இருந்தார்கள். சிலருக்குக் கட்டில் ஆடியது. பாத்திரங்கள் கலகலத்தன. அடுக்குமாடி வீடுகளில் இருந்தவர்கள் இறங்கி ஓடி வந்தார்கள். சற்று நேரம் தெருவில் நின்று பேசினார்கள். "பூகம்பம் வந்து போய்விட்டது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை" என்று திரும்பப் போய்க் காபி போட்டார்கள்.

அந்த நேரத்தில் அலை நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது.

சுமத்ராவிலிருந்து தமிழ்நாட்டுக் கரைக்குச் சுமார் 2 ஆயிரம் கிலோமீட்டர். ஆழ்கடலில் சுனாமி ஜெட் விமானத்தின் வேகத்தில் வரும். முதலில் அந்தமான் நிக்கோபார் தீவுகளை அடித்தது. பிறகு இலங்கை. பிறகு சென்னை, கடலூர், நாகை, கன்னியாகுமரி. காலை ஒன்பது மணி சுமாருக்கு அது நம் கரையைத் தொட்டது.

அதாவது, பூமி ஆடியதற்கும் கடல் வந்ததற்கும் நடுவே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது. கடற்கரையில் இருந்த ஒவ்வொருவரும் நடந்தே தப்பியிருக்கலாம். குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு, ஆடு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவ்வளவு நேரம் இருந்தது!

ஆனால் யாரும் சொல்லவில்லை. பசிபிக் சமுத்திரத்துக்கு 1949-ம் ஆண்டிலிருந்து சுனாமி எச்சரிக்கை நிலையம் இருக்கிறது. நம் சமுத்திரத்துக்கு அன்று அப்படி ஒன்று இல்லை.

மெரினாவில் ஒரு பந்து

சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு பெரியவர் இருக்கிறார். சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மெரினா கடற்கரையில் நடப்பார்.

"அன்றைக்கும் நடந்தேன். பையன்கள் மணலில் கிரிக்கெட் ஆடினார்கள். ஒரு பந்து உருண்டு வந்து என் காலில் பட்டது. எடுத்து வீசினேன். 'தேங்க்ஸ் தாத்தா' என்றான் ஒரு பையன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன். பேரன் ஊரிலிருந்து வந்திருந்தான். அவனுடன் சேர்ந்து டிபன் சாப்பிட வேண்டும் என்று கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினேன். இலையில் உட்கார்ந்தபோது தெருவில் கூச்சல் கேட்டது" என்றார் அவர்.

அந்தப் பையன்களுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. பிறகு பல மாதம் அவர் மெரினாவுக்குப் போகவில்லை. போகத் தொடங்கிய பிறகு, விளையாடுகிற பையன்களின் முகத்தையெல்லாம் உற்றுப் பார்ப்பாராம்.

"இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவன் இருந்தால் இப்போது பெரிய ஆளாக இருப்பான். பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. ஆனாலும் பார்க்கிறேன்" என்றார்.

கடலில் இருந்தவர் பிழைத்தார்

இது வேடிக்கையான செய்தி அல்ல. உண்மை. கடல் பொங்கிய நேரத்தில் நடுக்கடலில் இருந்த மீனவர்கள் பலர் பிழைத்தார்கள். கரையில் இருந்த அவர்கள் குடும்பத்தார் மாண்டார்கள்.

காரணம் என்ன? ஆழ்கடலில் சுனாமியின் உயரம் ஒரு மீட்டர்கூட இராது. படகு சற்று ஏறி இறங்கும். அவ்வளவுதான். கரையை நெருங்கும்போது ஆழம் குறைகிறது. அலையின் முன்பகுதி வேகம் குறைந்து தயங்கும். பின்னால் வரும் தண்ணீர் வேகமாக வந்து அதன் மேல் ஏறும். பஸ் திடீரென்று பிரேக் போட்டால், பின்னால் நிற்பவர்கள் முன்னால் நிற்பவர்கள் மீது விழுகிறார்கள் அல்லவா? அதைப் போல. அப்படித்தான் அலை மதில் போல உயர்ந்துவிடுகிறது.

நாகை மீனவர் ஒருவர் சொன்னார்:

"நாங்க நாலு பேரு வலை போட்டுக்கிட்டு இருந்தோம். ஒண்ணும் தெரியலை. நல்ல மீனு. சந்தோசமா திரும்பினோம். கரை இன்னும் ரெண்டு மைல் இருக்கும். தண்ணியில ஒரு கதவு மிதந்து வந்துச்சு. அப்புறம் ஒரு கட்டிலு. அப்புறம் பானை, சட்டி, பாயி. யாரு வீட்டு சாமான்னு பேசிக்கிட்டே வந்தோம். அப்புறம் யாரும் பேசலை."

கரையில் இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். ஆண்கள் பலர் கடலில் இருந்தார்கள். பெண்கள் படகு வரும் என்று கரையில் காத்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு நீந்தத் தெரியாது. கையில் பிள்ளை இருந்தது. சேலை முள்ளில் மாட்டிக்கொண்டது. பிள்ளையைத் தேடித் திரும்ப ஓடியவர்களும் இருந்தார்கள்.

பத்தடி தூரம்

வேளாங்கண்ணியில் அன்று பெரும் கூட்டம். கிறிஸ்துமஸ் முடிந்து ஞாயிற்றுக்கிழமை. பல ஊர்களிலிருந்து யாத்திரிகர்கள் வந்திருந்தார்கள். மாதா கோவிலுக்குள் பூசையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடலில் குளிக்கப் போனவர்களையும், கடற்கரையில் கடை போட்டிருந்தவர்களையும் அலை வாரிக்கொண்டு போயிற்று. பூசைக்கு முன்னால் குளிப்பதா, பூசை முடிந்து குளிப்பதா என்று ஒரு குடும்பம் எடுத்த முடிவில் அதன் உயிர் இருந்தது.

கன்னியாகுமரியில் நூற்றுக்கணக்கான பிரயாணிகள் விவேகானந்தர் பாறையிலும் திருவள்ளுவர் சிலை அருகிலும் இருந்தார்கள். கரையில் நின்ற ஜனங்கள் அலறினார்கள். பாறையில் நின்றவர்களைச் சுற்றிக் கடல் கொந்தளித்தது. ஆனாலும் அவர்கள் தப்பினார்கள். மீனவர்கள் படகு கொண்டுபோய் அவர்களைக் கரை சேர்த்தார்கள்.

பரங்கிப்பேட்டையில் அன்று ஒரு கல்யாணம். முஸ்லிம் குடும்பத்துக் கல்யாணம். விருந்துக்குச் சோறு தயாராகிக்கொண்டிருந்தது. கடலோரக் கிராமங்களிலிருந்து ஈரத் துணியுடன் ஜனங்கள் ஓடி வந்தார்கள். கல்யாணச் சோறு அவர்களுக்குப் போயிற்று. பிறகும் பல நாட்கள் அந்த ஊர் ஜமாத்தார் அகதிகளுக்குச் சோறு போட்டார்கள். அன்று காலை எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், "அண்டா பக்கத்தில் இருந்தேன்" என்று சொல்லக்கூடியவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு டெலிபோன்

புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்று ஒரு மீனவக் கிராமம். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊர். அன்று அந்த ஊரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

எப்படி?

அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். அன்று காலை டெலிவிஷனில் செய்தி பார்த்தார். பூகம்பம், கடல் அலை என்று சொன்னார்கள். அவருக்கு ஊர் ஞாபகம் வந்தது. உடனே வீட்டுக்கு டெலிபோன் செய்தார். "எல்லாரும் கடற்கரையை விட்டு ஓடுங்கள்" என்றார்.

நல்லவாட்டில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த ஒரு தகவல் மையம் இருந்தது. அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்காக ஏற்பட்ட மையம். ஊர்க்காரர்கள் அங்கே ஓடினார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே மேட்டுக்கு ஓடியது. பிறகு அலை வந்தது. வீடுகளும் படகுகளும் போயின. மனிதர்கள் பிழைத்தார்கள்.

ஒரு மனிதர். ஒரு டெலிபோன். ஒரு ஒலிபெருக்கி. மூன்றாயிரத்து அறுநூறு பேர்!

பாட்டி சொன்ன கதை

இன்னொரு ஊரின் கதை இதைவிட ஆச்சரியமானது.

பூகம்பம் நடந்த இடத்துக்கு மிக அருகில் சிமெலுவே என்று ஒரு தீவு இருக்கிறது. சுமத்ராவின் மேற்கே உள்ளது. பூமி ஆடிய சில நிமிடங்களில் அங்கே அலை வந்துவிட்டது. நமக்கு இருந்த இரண்டரை மணி நேரம் அவர்களுக்கு இல்லை. டெலிபோன் இல்லை. ஒலிபெருக்கி இல்லை. அந்தத் தீவில் சுமார் 78 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள்.

எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

ஏழு பேர்.

அந்தத் தீவில் 1907-ம் ஆண்டு ஒரு பெரிய சுனாமி வந்தது. ஏராளமானவர்கள் மாண்டார்கள். பிழைத்தவர்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பேரன் பேத்திகளுக்குச் சொன்னார்கள். தாலாட்டில் சொன்னார்கள். இரவில் கதையாகச் சொன்னார்கள். "ஸ்மோங்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பூமி பலமாக ஆடினால், கடல் உள்ளே போனால், ஸ்மோங் வரும். எதையும் எடுக்காதே. மலைக்கு ஓடு. இதுதான் கதை.

97 ஆண்டுகள் கழித்துப் பூமி ஆடியது. "ஸ்மோங்! ஸ்மோங்!" என்று கத்திக்கொண்டு எல்லோரும் மலைக்கு ஓடினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகளின் கதை ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாற்றியது.

நாம் மறந்தது

நம்மிடமும் அப்படி ஒரு சொல் இருந்தது. "கடல்கோள்" என்பது அந்தச் சொல். கடல் நிலத்தைக் கொள்ளுவது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதாக மணிமேகலை சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் நானும் படித்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்.

ஆனால் பூமி ஆடினால் கடற்கரையை விட்டு ஓடு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மீன்காரம்மாவின் மகளுக்கும் யாரும் சொல்லவில்லை. கடல்கோள் புத்தகத்தில் இருந்தது. வீட்டில் இல்லை.

2004-ம் ஆண்டுக்குப் பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டது. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டு, 2007-ம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. கடலுக்கு அடியில் பூகம்பம் வந்தால் சில நிமிடங்களில் கண்டுபிடித்து அறிவிப்பார்கள். 2012-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி சுமத்ரா அருகே மீண்டும் பெரிய பூகம்பம் வந்தது. எச்சரிக்கை போயிற்று. சென்னையில் ஜனங்கள் கடற்கரையை விட்டு வெளியேறினார்கள். அந்தத் தடவை பூமி பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை வரவில்லை. வந்திருந்தாலும் தப்பியிருப்பார்கள்.

மையம் அறிவிக்கும். ஆனால் ஓட வேண்டியது நாம். இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் 2004-க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்குச் சுனாமி என்பது பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம். நமக்குக் கடல்கோள் இருந்ததைப் போல!

கூடையைக் கேட்டு வந்தார்

2005-ம் ஆண்டு மே மாதம், ஒரு மத்தியானம், மீன்காரம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பாதி ஆளாகிவிட்டிருந்தார்.

"யம்மா, என் கூடை இருக்கா?" என்றார்.

அம்மா அதைக் கழுவிக் காயவைத்து, பரண் மேல் வைத்திருந்தார். எடுத்து வந்து கொடுத்தார். கையில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றையும் வைத்தார். அதற்கு மேல் அம்மாவால் பேச முடியவில்லை. அழுதுவிட்டார்.

"நீ அங்கே பிள்ளையைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் இங்கே ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேனே" என்றார்.

மீன்காரம்மா அழவில்லை. கூடையைப் புரட்டிப் பார்த்தார்.

"நீங்க என்னம்மா செய்வீங்க? ஞாயித்துக்கிழமைன்னா நீங்க பேரம் பேசுவீங்க, நான் குடுப்பேன். அன்னிக்கும் அதுதானே நடந்துச்சு" என்றார்.

நாணயத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அன்று முதல் என் அம்மா மீனுக்குப் பேரம் பேசுவதில்லை.

சமீபத்தில் அவரைத் தேடிப் போனேன். சுனாமிக் குடியிருப்பில் இருக்கிறார். வயதாகிவிட்டது. மகன் கடலுக்குப் போகிறார். இரண்டு பேரப் பிள்ளைகள்.

அன்று ஊரில் நடந்ததை மகன்தான் அவருக்குச் சொன்னாராம். அன்று அந்தப் பையனுக்குப் பத்து வயது. முதல் அலை அவ்வளவு பெரிதாக இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீர் வந்தது. பிறகு கடல் உள்ளே போயிற்று. என்றும் பார்க்காத அளவுக்கு உள்ளே போயிற்று. ஈர மணலில் மீன்கள் துள்ளின. தெருப் பிள்ளைகள் எல்லோரும் மீன் பொறுக்க ஓடினார்கள். சின்னவளும் பாத்திரம் எடுத்துக்கொண்டு ஓடினாள். பாட்டி அவளைக் கூப்பிடப் போனார். இருவரும் திரும்பவில்லை. மகன் தென்னை மரத்தில் ஏறிப் பிழைத்தான்.

"அம்மா மீன் வாங்கக் காசு குடுக்குது. நாம பொறுக்கிக் குடுத்தா காசு மிச்சம்னு சொல்லிட்டுப் போனாளாம்" என்றார் மீன்காரம்மா.

சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்:

"வருஷா வருஷம் அந்தத் தேதிக்குக் கடலுக்குப் பால் ஊத்துவோம். பூப் போடுவோம். அன்னிக்கு யாரும் தொழிலுக்குப் போக மாட்டாங்க. அதோட நான் ஒண்ணு செய்வேன். தெருப் பிள்ளைங்க எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சு இதைச் சொல்லுவேன். சின்னவ கதையைச் சொல்லுவேன். கடலு உள்ள போனா மீன் கிடக்கும். அதைப் பாக்காதே. திரும்பிப் பாக்காம ஓடுன்னு சொல்லுவேன். என் பேத்திக்கு இப்ப ஆறு வயசு. அவ இந்தக் கதையை மத்தப் பிள்ளைங்களுக்குச் சொல்றா."

எனக்குச் சிமெலுவே தீவின் பாட்டிகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அந்தத் தீவின் பெயரைக்கூட மீன்காரம்மா கேட்டதில்லை.

சொல்லுங்கள்

வாசகர்களே! உங்கள் வீட்டிலும் அந்தக் காலையின் நினைவு ஒன்று இருக்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்:

கடற்கரையில் இருக்கும்போது பூமி பலமாகவோ, நெடுநேரமோ ஆடினால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போக வேண்டும்.

கடல் திடீரென்று உள்ளே போனாலோ, பெரும் இரைச்சல் கேட்டாலோ வேடிக்கை பார்க்கக் கூடாது. ஓட வேண்டும்.

மேடு தூரத்தில் இருந்தால், உறுதியான கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏற வேண்டும்.

முதல் அலையோடு முடிந்தது என்று திரும்பி வரக் கூடாது. அடுத்த அலை அதைவிடப் பெரிதாக இருக்கலாம். "ஆபத்து நீங்கியது" என்று அதிகாரிகள் அறிவித்த பிறகே திரும்ப வேண்டும்.

இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அன்று நமக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை.